ஒன்ராறியோவில் வீட்டுப் பரிசோதகர் லைசென்ஸ் எங்கே எடுப்பது?

வாசகர் கேள்வி, 2023 நவம்பர் 12

அண்ணா, ஸ்காபரோவில் இருக்கிறேன். கன வருடமாகக் கட்டட வேலை, கூடுதலாக டிரைவால் (ஜிப்சம் பலகைச் சுவர்), இடையிடையே கூரை. முதுகு இனித் தாங்காது. ஹோம் இன்ஸ்பெக்டர் லைசென்ஸ் எடுக்கலாம் என்று யோசிக்கிறேன். எங்கே விண்ணப்பிப்பது, என்ன சோதனை எழுத வேண்டும்? ஒன்லைனில் ஒரு கிழமையில் எடுக்கலாம் என்கிறார்கள், உண்மையா?

நவம்பர் 12, இரவு

தம்பி, ஒன்ராறியோவில் வீட்டுப் பரிசோதகருக்கு லைசென்ஸ் என்று ஒன்று கிடையாது. விண்ணப்பிக்க ஒரு கந்தோரும் இல்லை, அரசாங்கச் சோதனையும் இல்லை. வீடு விற்கும் முகவருக்கு லைசென்ஸ் வேண்டும். மோட்கேஜ் எடுத்துத் தருபவருக்கு வேண்டும். புது வீடு கட்டி விற்கும் கம்பனிக்கு வேண்டும். அந்த வீட்டின் கூரையையும் அத்திவாரத்தையும் பார்த்து எங்கே என்ன பழுது என்று சொல்லுகிற ஆளுக்கு மட்டும் ஒன்றும் வேண்டாம்.

ஒரு கிழமையில் கிடைப்பது ஒரு சான்றிதழ். அதை வைத்துக்கொண்டு நாளைக்கே விசிட்டிங் கார்ட் அடித்து வேலை தொடங்கலாம், ஒருவரும் வந்து மறிக்க மாட்டார்கள். எனக்குக் கவலையே அதுதான். எங்கள் ஆட்கள் இரண்டு வேலை செய்து, சீட்டுக் கட்டி, சொந்தக்காரரிடம் கைமாற்று வாங்கி ஒரு வீட்டில் காசைப் போடுகிறார்கள். அவர்களுக்குப் பரிசோதனை நடக்கிற அந்த ஒரு காலைப்பொழுதுதான் வீட்டை வடிவாகப் பார்க்கக் கிடைக்கிறது.

நவம்பர் 13

2017இல் சட்டம் வந்துவிட்டது, இப்போது லைசென்ஸ் கட்டாயம் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பாதி சரி. 2013இலேயே மாகாண அரசு ஒரு நிபுணர் குழு போட்டு இதைப் பற்றி அறிக்கை வாங்கியது. 2017 ஏப்ரலில் வீட்டுப் பரிசோதனைச் சட்டம், நுகர்வோர் பாதுகாப்பு மசோதா ஒன்றின் பகுதியாகச் சட்டசபையில் நிறைவேறி ஒப்புதலும் பெற்றது. ஆனால் அந்தப் பகுதி இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. புத்தகத்தில் இருக்கிறது, தெருவில் இல்லை.

இன்னொன்றையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்ராறியோ வீட்டுப் பரிசோதகர் சங்கத்துக்கென்று 1994இல் ஒரு தனிச் சட்டம் இருக்கிறது. அது ஆர்.எச்.ஐ, அதாவது பதிவுபெற்ற வீட்டுப் பரிசோதகர் என்ற பட்டத்தைக் காப்பாற்றுகிறது. சங்கத்தில் தகுதி பெறாமல் அந்தப் பட்டத்தைப் பெயருக்குப் பின்னால் போட முடியாது. வேலையை மட்டும் யாரும் செய்யலாம்.

அல்பேர்ட்டாவில் 2011இலிருந்தும் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2009இலிருந்தும் உண்மையான லைசென்ஸ் உண்டு. அல்பேர்ட்டாவின் கல்கரிக்குக் குடிபோகிற எண்ணம் இருந்தால் சொல்லுங்கள், அது வேறு கதை.

நவம்பர் 18

சரி, லைசென்ஸ் இல்லை, அப்படியென்றால் என்ன செய்வது என்று மூன்று நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள். நான் சொல்வது, லைசென்ஸ் இருக்கிற இடத்தில் என்ன கேட்பார்களோ அதை நீங்களாகவே செய்து முடியுங்கள்.

முதலில் படிப்பு. ரொறன்ரோவில் 1978இல் தொடங்கிய கார்சன் டன்லப் நிறுவனத்தின் பாடங்களை இங்கே பலர் படித்திருக்கிறார்கள், வீட்டிலிருந்தும் படிக்கலாம். கூரை, கட்டமைப்பு, மின்சாரம், வெப்பமூட்டல், குளிரூட்டல், குழாய், வெளிப்புறம், உட்புறம், இன்சுலேஷன், அறிக்கை எழுதுவது என்று எல்லாம் வரும். இன்டர்நாச்சி என்ற சர்வதேசப் பரிசோதகர் சங்கத்தின் ஒன்லைன் பாடங்களும் நல்லவை, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதன் ஒன்லைன் சோதனையில் தேறியதோடு படிப்பு முடிந்தது என்று நினைப்பதைத்தான் குறை சொல்கிறேன்.

பிறகு தேசிய வீட்டுப் பரிசோதகர் தேர்வு. 200 கேள்விகள், நான்கு மணித்தியாலம், எல்லாம் தெரிவு விடை. அதில் 25 கேள்விகளுக்குப் புள்ளி கிடையாது, அடுத்த தேர்வுக்காகப் பரீட்சித்துப் பார்ப்பவை, எவை என்று சொல்ல மாட்டார்கள். புள்ளி 200இலிருந்து 800 வரை, 500 எடுத்தால் தேறலாம். அமெரிக்காவில் லைசென்ஸ் தருகிற பல மாநிலங்கள் இதைத்தான் கேட்கின்றன.

கடைசியாக, மூத்த பரிசோதகர்கள் முன்னால் ஒரு வீட்டை முழுக்கப் பரிசோதித்துக் காட்டுவது. சங்கப் பட்டங்களில் எனக்கு மரியாதை வந்தது இந்த ஒரு விஷயத்தால்தான். சோதனைத் தாளில் நான்கு விடைகளில் ஒன்று சரியாக இருக்கும். வீட்டில் அப்படி ஒருவரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். அத்திவாரச் சுவரில் ஒரு வெடிப்பைக் காட்டி, இது கொங்கிறீற் காய்ந்து சுருங்கியதா, மண் தள்ளியதா என்று அவர்கள் கேட்பார்கள். மண் தள்ளுவதைக் காட்டுகிற, படுக்கைவாட்டில் போகும் வெடிப்பைப் பார்த்து நீங்கள் சும்மா நின்றால் இன்னும் படிக்க இருக்கிறது என்று அர்த்தம்.

நவம்பர் 19

கட்டட வேலை அனுபவம் போதாதா என்று கேட்டிருந்தீர்கள் தம்பி. அது பெரிய சொத்து. டிரைவால் செய்தவரின் கண்ணுக்குச் சுவரில் ஒட்டுப்போட்ட இடம் உடனே தெரியும், ஏன் அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்ற் என்று கேட்கத் தோன்றும். ரோச் லைட்டைச் சுவரோடு சாய்த்துப் பிடித்தால் மறைத்த வேலை முழுக்க வெளியே வரும், அது உங்களுக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

ஆனால் பழக்கம் ஒன்றை விட வேண்டும். வேலைக்காரர் பழுதைக் கண்டால் திருத்தப் பார்ப்பார். பரிசோதகர் அதைப் படம் எடுத்து, என்ன, எங்கே, ஏன் முக்கியம், யாரிடம் காட்ட வேண்டும் என்று எழுதிவிட்டு அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். "இதை நானே குறைந்த விலையில் செய்து தருகிறேன்" என்ற வார்த்தை வாயில் வரவே கூடாது. வந்தால் உங்கள் அறிக்கையை இனி யார் நம்புவது?

நவம்பர் 26

வீட்டின் வயதைப் பாருங்கள், பாதி அறிக்கை அதிலேயே இருக்கிறது. இதைப் படிப்பில் ஒரு அத்தியாயமாகத்தான் சொல்வார்கள், எனக்கு இதுதான் தொழிலின் உயிர்.

அறுபதுகளின் நடுவிலிருந்து எழுபதுகளின் கடைசி வரை கட்டிய வீடு என்றால் அலுமினியம் வயர் இருக்கிறதா என்று தேடுவேன். பேஸ்மென்ட்டில் முடிக்காத கூரைப் பக்கம் கேபிள் உறையிலேயே எழுத்து இருக்கும். வயர் தானாக ஆபத்தில்லை, இணைப்புகள்தான் தளர்ந்து சூடேறும். அலுமினியத்துக்கு ஏற்ற சொக்கற் போட்டிருக்கிறதா, செப்புத் துண்டு சேர்த்து முறையாக இணைத்திருக்கிறதா என்று லைசென்ஸ் உள்ள மின்வினைஞர் பார்க்க வேண்டும். வீட்டு இன்சூரன்ஸ் கம்பனி இதை நிச்சயம் கேட்கும், வாங்கிய பிறகு கேட்பதுதான் தலையிடி.

1995இலிருந்து 2007 வரை விற்ற கைடெக் குழாய் இன்னொன்று. செம்மஞ்சள் சூடுநீருக்கு, நீலம் குளிர்நீருக்கு. அந்தக் காலத்துக் கொண்டோக்களிலும் டவுன்ஹவுஸ்களிலும் சுடுநீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் பார்த்தாலே தெரிந்துவிடும். அதன் பித்தளை இணைப்புகளில் துத்தநாகம் அரித்துப்போகும், குழாயும் வெடிக்கலாம். இழப்பீட்டு வழக்கில் காசு கேட்கும் கடைசித் தேதி 2020 ஜனவரி 9, அது போய்விட்டது. ஆகவே இன்று வாங்குகிறவர் மாற்றும் செலவை விலையில் பேசிக்கொள்ள வேண்டும், அதற்கு அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

யூ.எஃப்.எஃப்.ஐ என்ற யூரியா ஃபோர்மால்டிஹைட் நுரை இன்சுலேஷனை கனடா 1980 டிசம்பரில் தடை செய்தது. இன்றும் வீடு வாங்கும் ஒப்பந்தப் படிவத்தில் அதற்கென்று ஒரு பந்தி இருக்கிறது, கையெழுத்துப் போடும் முக்கால்வாசிப் பேர் அது என்னவென்று கேட்பதில்லை. பழைய வீட்டின் அட்டிக்கில், அதாவது கூரைக்குக் கீழுள்ள வெளியில், சின்னக் கூழாங்கல் மாதிரி மினுங்கும் வெர்மிகுலைட் இன்சுலேஷன் இருந்தால் அதைத் தொடவோ கிளறவோ வேண்டாம், அஸ்பெஸ்டஸ் கலந்திருக்கலாம். ஆய்வுகூடத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

டிசம்பர் 2

ஒரு அக்கா கேட்டிருக்கிறார், தெற்கு வாசல் வீடென்றால் அறிக்கையில் போடுவீர்களா என்று. சிரித்துவிட்டேன் அக்கா, ஆனால் போடுவோம்! முன்வாசல் எந்தத் திசை என்று முதல் பக்கத்திலேயே எழுதுவோம். தெற்குப் பக்க ஷிங்கிள் (கூரைத் தகடு) வெயிலில் சீக்கிரம் சுருளும், வடக்குப் பக்கம் பனி அதிக நாள் கிடக்கும், ஆகவே திசை தெரியாமல் கூரையைப் பற்றி எழுத முடியாது. வாஸ்துவுக்கு வேறு ஆளைப் பிடியுங்கள்.

டிசம்பர் 10

இதை எழுதாமல் விட்டால் மேலே எழுதியதற்கு அர்த்தமில்லை.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு வேலை எங்கிருந்து வரும்? ரியல் எஸ்டேட் முகவரிடமிருந்து. அவருக்குக் காசு எப்போது வரும்? வீடு கைமாறினால். நல்ல முகவர்கள் நிறையப் பேரைத் தெரியும், "ஒன்றும் மறைக்காமல் சொல்லுங்கள், நாளைக்கு அந்தக் குடும்பம் என்னைத் திட்டக் கூடாது" என்று சொல்பவர்கள். ஆனால் தொடங்கிய காலத்தில் ஒரு முகவர் என்னை வெளியே டிரைவ்வேக்குக் கூப்பிட்டு, "அண்ணை, அந்த ஈரத்தைப் பெரிசுபடுத்த வேண்டாம், பழைய வீடென்றால் கொஞ்சம் இருக்கும்தானே" என்றார். உள்ளே பேஸ்மென்ட்டில் ஈரமானி எகிறிக்கொண்டிருந்தது, சுவரின் அடியில் வெள்ளை உப்புப் பூத்திருந்தது, வெளியே அதே பக்கத்தில் மண் வீட்டை நோக்கிச் சாய்ந்து கிடந்தது. நான் உள்ளே போய் வாங்குகிறவரைக் கூட்டிக்கொண்டு வந்து மூன்றையும் அவர் கையால் தொட்டுப் பார்க்க வைத்தேன். அந்த முகவர் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. மார்கழி, தை மாதங்களில் வேலை இல்லாமல் இருப்பது சுகமில்லைதான், இருந்தாலும் அந்த அறிக்கையில் ஒரு வரியைக்கூட இன்று மாற்ற மாட்டேன்.

உங்களுக்குக் காசு தருகிறவர் வாங்குகிறவர். ஒப்பந்தம் அவரோடு, அறிக்கை அவருக்கு. அவர் சொல்லாமல் முகவருக்குக்கூட அறிக்கை போகக் கூடாது.

டிசம்பர் 11

நேற்று எழுதியதை வாசித்துவிட்டு ஒருவர், லைசென்ஸ் வந்தால் இதெல்லாம் நின்றுவிடும் என்கிறார். நிற்காது என்றுதான் கன காலமாக நினைக்கிறேன். முகவருக்கு லைசென்ஸ் இருக்கிறது, அதற்காக அவர் டிரைவ்வேக்குக் கூப்பிடாமல் விட்டாரா? மனிதர் நல்லவராக இருப்பதற்கு அட்டை உதவாது என்பது என் வாதம்.

2024 ஜனவரி 7

அந்த வாதத்தை லீவு முழுக்க யோசித்தேன். இப்போது வேறு மாதிரி நினைக்கிறேன்.

நியூயோர்க்கில் இருக்கும் என் மச்சான் அங்கே படிக்கத் தொடங்கியிருக்கிறார். அங்கே 140 மணித்தியாலப் பயிற்சி, அதில் 40 மணித்தியாலம் லைசென்ஸ் உள்ள ஒருவரோடு உண்மையான வீடுகளில் நிற்க வேண்டும். அல்பேர்ட்டாவில் ஆளுக்கும் லைசென்ஸ், கம்பனிக்கும் லைசென்ஸ். அந்த 40 மணித்தியாலம் ஒருவரை நல்லவராக்காது. ஆனால் ஒரு தடவைகூட அட்டிக் மூடியைத் திறக்காத ஆள் காசு வாங்குவதை மறிக்கும்.

அதைவிடப் பெரிய விஷயம் முறைப்பாடு. கல்கரியில் ஒரு குடும்பத்துக்குப் பரிசோதகரால் நட்டம் வந்தால், அவருடைய லைசென்ஸைக் கேள்வி கேட்க ஒரு இடம் இருக்கிறது. இங்கே அவர் ஒரு சங்கத்தில் இருந்தால் சங்கத்திடம் போகலாம், இல்லையென்றால் நீதிமன்றம். ஒரு சங்கத்திலும் இல்லாத ஆளென்றால் அடுத்த நாளும் அதே வேலையைச் செய்துகொண்டிருப்பார். ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தயங்குகிற எங்கள் அம்மா அப்பாமார் நீதிமன்றப் படி ஏறுவார்களா? அதனால் சொல்கிறேன், 2017 சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். உங்கள் தொகுதியின் மாகாணச் சட்டசபை உறுப்பினரை, எம்.பி.பியைக் கோயில் திருவிழாவில் கண்டால் படம் எடுத்த பிறகு இதையும் கேளுங்கள்.

ஜனவரி 21

நேற்று மார்க்கத்தில் ஒரு இரண்டு மாடி வீடு, நல்ல குளிர். கேள்வி கேட்ட தம்பியும் வந்தார், வாங்குகிறவரிடம் முன்பே அனுமதி கேட்டிருந்தேன். அட்டிக் மூடியைத் தள்ளி ரோச் அடித்ததும் கூரைப் பலகையின் அடிப்பக்கம் கறுப்பாகத் தெரிந்தது, வெளியிலிருந்து அடித்த ஷிங்கிள் ஆணிகளின் முனை ஒவ்வொன்றிலும் உறைபனி வெள்ளைத் தொப்பி போட்டிருந்தது. தம்பி "பூஞ்சணம்" என்றார். சரி, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். கூரை ஒழுக்காக இருக்கும் என்றார். ஒழுக்கென்றால் ஒரு இடத்தில் வழிந்த கறை இருக்க வேண்டுமே, இது ஒரு வட்டமாகப் பரவியிருக்கிறதே? மெதுவாக ரோச்சை நகர்த்தினேன். குளியலறை விசிறியின் குழாய் கூரைத் துவாரத்திலிருந்து கழன்று இன்சுலேஷனுக்கு மேல் கிடந்தது. குளிக்கிற ஒவ்வொரு முறையும் நீராவி முழுக்க அட்டிக்குக்குள் போய் உறைந்திருக்கிறது. கீழே இறங்கி விசிறியைப் போட்டுவிட்டுத் திரும்ப ஏறிப் பார்க்கச் சொன்னேன். குழாயின் வாயிலிருந்து புகை மாதிரி வந்ததைத் தம்பி பார்த்துக்கொண்டே நின்றார்.

திருத்தச் செலவு பெரிதல்ல. குழாயை மாட்டி இறுக்கி, அதைச் சுற்றி இன்சுலேஷன் போட்டு, பலகையைச் சுத்தம் செய்ய வேண்டும். "பூஞ்சணம்" என்று மட்டும் எழுதியிருந்தால் அந்தக் குடும்பம் பயந்து வீட்டை விட்டிருக்கும், அல்லது சுத்தம் செய்ய ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு அடுத்த குளிர்காலத்தில் திரும்பவும் கறுப்பைப் பார்த்திருக்கும். காரணத்தைத் தேடிப்போகிற பழக்கத்தைப் பக்கத்தில் நின்றுதான் பிடிக்க முடியும்.

பெப்ரவரி 4

பேஸ்மென்ட் வாடகை பற்றி. ஸ்காபரோவில் பாதி வீடுகளைப் பேஸ்மென்ட் வாடகையை நம்பித்தான் வாங்குகிறார்கள், முதல் கேள்வியே "வாடகைக்கு விடலாமா?" என்பதுதான். அது சட்டப்படியான தனி அலகா என்று தீர்ப்புச் சொல்வது நகராட்சியின் வேலை, நாங்கள் "சட்டப்படி சரி" என்று எழுதவே கூடாது. ஆனால் பார்த்ததை எழுதலாம், எழுத வேண்டும். கூரை உயரத்தை அளந்து பாருங்கள், பழைய வீடுகளுக்கு 1.95 மீற்றர் என்பது கட்டட விதியில் வருகிற ஆகக் குறைந்த அளவு. தீப்பிடித்தால் படுக்கையறை ஜன்னலால் ஒரு ஆள் வெளியே வர முடியுமா என்று பாருங்கள். மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் இடையில் தீத்தடுப்பு இருக்கிறதா, அல்லது ஃபர்னஸ் அறைக் கூரை திறந்து கிடக்கிறதா? புகை எச்சரிக்கைக் கருவி எங்கே, கார்பன் மொனொக்சைட் கருவி எங்கே? கீழே தூங்குவது அநேகமாகப் புதிதாக வந்த மாணவர்கள். அவர்களுக்காக யாரும் பரிசோதகரை அமர்த்துவதில்லை. நீங்கள் எழுதுகிற அந்த ஒரு பந்திதான் அவர்களுக்கும் சேர்த்து.

பெப்ரவரி 5

புது வீட்டுக்கும் பரிசோதனை தேவையா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆம், உதவும். ஒன்ராறியோவில் புது வீடுகளுக்கான டாரியன் அமைப்பின் உத்தரவாதம் வேலைப்பாட்டுக்கு ஒரு வருடம், நீர் புகுதல், மின்சாரம், குழாய் போன்றவற்றுக்கு இரண்டு, பெரிய கட்டமைப்புப் பழுதுக்கு ஏழு. முதல் வருடம் முடியும் முன் ஒரு பரிசோதகரைக் கூப்பிட்டுப் பட்டியல் எடுத்து, டாரியனின் படிவத்தைக் காலத்தோடு அனுப்புங்கள். பிராம்ப்டனில் புதிதாகத் தொடங்குகிற பரிசோதகர்களுக்கு இது நல்ல வேலை, முகவரின் தயவும் தேவையில்லை.

மார்ச் 3

தம்பி தேசியத் தேர்வுக்குத் தேதி எடுத்துவிட்டார். மூன்று விஷயம் கேட்டிருக்கிறார், இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இன்சூரன்ஸ்: தொழில் தவறுக்கான காப்புறுதியும் பொதுப் பொறுப்புக் காப்புறுதியும் இரண்டும் எடுங்கள், முதல் வீட்டுக்குப் போகும் முன். இங்கே ஒருவரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள், அதற்காக விட்டுவிடாதீர்கள். நீங்கள் கவனிக்காமல் விட்ட ஒரு உத்தரத்துக்கு அந்தக் குடும்பம் ஏன் காசு கட்ட வேண்டும்?

வேலையை விடுவதா: இப்போது விட வேண்டாம். இலையுதிர்காலம் வரை கிழமை நாட்களில் டிரைவால், சனி ஞாயிறில் என்னோடோ வேறு யாரோடோ போங்கள். கண்ட வீடு ஒவ்வொன்றுக்கும் நீங்களும் தனியாக ஒரு அறிக்கை எழுதி எங்களுடையதோடு ஒப்பிடுங்கள். முதுகைப் பற்றியும் யோசியுங்கள், ஏணியும், வீட்டுக்கு அடியில் தவழ்ந்து போகிற கிரோல் ஸ்பேஸும் இந்த வேலையிலும் உண்டு.

மொழி: அறிக்கை ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும், வங்கிக்கும் வழக்கறிஞருக்கும் போகிற காகிதம். ஆனால் வீட்டைச் சுற்றிக் காட்டும்போது தமிழில் கதையுங்கள், முக்கியமாக அம்மாமாருடன். பிரதான தண்ணீர் வால்வு எங்கே, அதை எப்படி மூடுவது, பிரேக்கர் விழுந்தால் என்ன செய்வது என்று அவர்கள் கையாலேயே செய்ய வையுங்கள். அடுத்த சனி ஏஜாக்சில் ஒரு வீடு, காலை ஒன்பது மணி, ஈரமானியை சார்ஜ் போட்டுக் கொண்டுவாருங்கள்.